கிருபாவுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடும்

போன வருஷம், ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து உபவாச நாட்களில் என் வயிற்றுக்குள் சாவு உட்கார்ந்திருந்தது. எனக்கு அது தெரியாது. அப்போது எனக்குச் சாவு பயமும் இல்லை, வியாதியைப் பற்றிய கவலையும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரே ஒருத்தி மேல் பொறாமை. ஆண்டவர் என்னைக் காப்பாற்றியதைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொறாமையை மறைத்துவிட்டுச் சொன்னால் இந்தச் சாட்சியில் பாதி பொய்யாகிவிடும். அதனால் அதையும் சேர்த்தே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுகந்தி. வயது நாற்பத்தாறு. பிறந்தது ஆர்.கே.பேட்டை பக்கம். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். வீட்டுக்காரர் இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறார். நான் தொழிற்பேட்டையில், காருக்கு வேண்டிய ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்க்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக லைனில் நிற்கிறேன். நிஜமாகவே நிற்பதுதான், ஷிப்ட் முழுக்க.

எங்கள் லைனில் இருபத்தெட்டுப் பெண்கள். பாத்ரூம் போக ஒரே ஒரு பாஸ். கயிறு கட்டிய மஞ்சள் அட்டை, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போனவள் வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அவள் வருவதற்குள் நம் உயிர் போய்விடும். அதனால் நாங்கள் கண்டுபிடித்த வழி, தண்ணீரே குடிக்காமல் இருப்பது. காலையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவேன். சாயங்காலம் அது அப்படியே வீட்டுக்கு வரும். பதினோரு வருஷத்தில் பழகிவிட்டது. தாகம் எடுப்பதே நின்றுபோனது என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வேன்.

கிருபா எங்கள் கம்பெனிதான், எங்கள் சபைதான். என்னைவிட ஐந்து வயது சின்னவள். மணவாள நகரிலிருந்து நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கே குடிவந்தார்கள். வந்த புதிதில் லைனில் என் பக்கத்தில்தான் நின்றாள். அப்போது அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு, ஊர்ப் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லி ஐந்து மாதம் லீவு போட்டாள். திரும்பி வந்தபோது அவள் நிலைமையே மாறியிருந்தது. லைனில் நிற்க வேண்டாம். லேபிள் ஒட்டும் மேஜையில், நாற்காலி போட்டு, ஃபேனுக்கு அடியில் வேலை. பாஸும் வேண்டாம். நினைத்தபோது எழுந்து பாத்ரூம் போவாள், கால் மணி நேரம் கழித்து ஆடி அசைந்து வருவாள். எங்கள் சூப்பர்வைசர் ஒரு நிமிஷம் லேட்டானால் எங்களை வறுத்தெடுப்பவர். அவரும் கிருபா எழுந்து போவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

சபையிலும் அதே கதை. பெண்கள் எல்லாரும் பாயில் உட்காருவோம். கிருபாவுக்கு மட்டும் பக்கவாசல் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் சேர். பாஸ்டரம்மா தன் கையாலேயே அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள். உபவாச நாளில்கூட! நாங்கள் வயிறு ஒட்டிப்போய் முழங்காலில் நிற்போம், இவள் சேரில் உட்கார்ந்து தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடிப்பாள். மாதம் ஒருமுறை எழுந்து நின்று, “கர்த்தர் எனக்கு ஜீவனைத் திரும்பக் கொடுத்தார்” என்று ஒரே வரியில் சாட்சி சொல்வாள். என்ன வியாதி, என்ன ஆபத்து, ஒன்றும் சொல்லமாட்டாள். அந்த ஒரு வரிக்கே பாஸ்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

நான் பதினைந்து வருஷமாக அந்தச் சபையைப் பெருக்குகிறேன். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவது நான், அசன விருந்துக்கு அண்டா கழுவுவது நான். ஒருநாளும் எனக்கு யாரும் ஒரு சேர் எடுத்துப் போட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் வந்து புலம்புவேன். வீட்டுக்காரருக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

“வேலைய பாருமே. அவளுக்கு ஆண்டவர் குடுக்குறாரு. உனுக்கு இன்னா பேஜாரு?”

“எனுக்கு ஏன் குடுக்கலன்னுதான் கேக்கறேன்.”

“அத்த எங்கைல கேட்டா? அவராண்ட கேளு.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் கேட்கத்தான் போனேன். அதற்கு முன்னால் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயத்திலேயே என் வயிறு சரியில்லை. நாலு நாள் மலச்சிக்கல், பிறகு இரண்டு நாள் இளகலாகப் போகும், மறுபடியும் சிக்கல். போய்விட்டு வந்தாலும் முழுசாகப் போகாத மாதிரியே இருக்கும். பிறகு ரத்தம் பட ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு கூடுதலாக. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஜாடையாகக் கேட்டேன். “சூடு, வேற ஒண்ணுமில்ல. நின்னுக்கினே வேல செய்யிறே பாரு, அதான் மூலம் வந்துக்கீது. மோரு குடி, வெந்தயம் ஊறவெச்சி துன்னு” என்றார். நானும் குடித்தேன், தின்றேன். மருந்துக் கடையில் மூலத்துக்கு ஒரு களிம்பு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. இந்த மாதிரி விஷயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

உடம்பும் இளைத்தது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. லைனில் பெண்கள், “இன்னாக்கா, சின்னப் பொண்ணு மாதிரி ஆய்ட்டே, இன்னா சாப்புடறே?” என்று கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஏனென்றால் கிருபா லீவு முடிந்து வந்ததிலிருந்து கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். எப்போதும் லூசான சுடிதார்தான் போடுவாள். இந்த ஒரு விஷயத்திலாவது அவளை ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். வியாதி தின்றுகொண்டிருந்த உடம்பைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவள் நான்.

லெந்து வந்தது. பாஸ்டர் ஐயா முதல் ஞாயிறே தெளிவாகச் சொன்னார். முடிந்தவர்கள் ஒருவேளை உபவாசம் இருங்கள், வெயில் அதிகம், தண்ணீர் கட்டாயம் குடியுங்கள் என்றார். எல்லாரும் கேட்டார்கள். எனக்கு மட்டும் வேறு கணக்கு ஓடியது. தண்ணீர் குடிக்கிறவளுக்கே இவ்வளவு தயவு கிடைக்கிறதென்றால், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்து கேட்டால் ஆண்டவர் எனக்கு எவ்வளவு செய்யமாட்டார்? ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பொழுது விடிந்ததிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை, நாற்பது நாளும் இருப்பதாகப் பொருத்தனை செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் கிருபாவுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது.

எங்கள் சபையில் வாசலுக்குப் பக்கத்தில் ஜெபக்குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்குழு கூடி, ஒவ்வொரு சீட்டாக வாசித்து ஜெபிப்பார்கள். லெந்தின் இரண்டாவது வியாழக்கிழமை, சபையைப் பெருக்கி முடித்துவிட்டு ஒரு சீட்டு எழுதினேன். “ஆண்டவரே, கிருபாவுக்குக் கொடுத்ததை அப்படியே எனக்கும் கொடும்.” பெயர் போடவில்லை. நாலாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். போடும்போது எனக்கு வெட்கமாகக்கூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை லைனில் நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்தே தலைவலி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. கெண்டைக்கால் இரண்டும் சுருட்டிப் பிடித்தது. கீழே விழுந்த கிளிப்பை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தேன், கண் இருட்டிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள். முதலுதவி அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த நர்ஸம்மா என் கையின் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது படியவே இல்லை. “ஒண்ணுக்கு இன்னா கலர்ல போவுது?” என்று கேட்டார்.

“டிகாஷன் மாதிரி.”

“ஒரு நாளிக்கி எத்தினி தபா போறே?”

“ரெண்டு தபா. சிலநாள் ஒண்ணு.”

“ஏம்மா, ஒடம்புல தண்ணி சுத்தமா இல்ல. வாய் காயறது, தல சுத்தறது, கால் புடிச்சி இழுக்கறது, கலர் மாறிப் போறது, எல்லாம் அதான். இப்டியே வுட்டா கிட்னி போய்டும்.”

உப்புக் கரைசலைக் கொடுத்து மெதுவாகக் குடிக்கச் சொன்னார். என் பொருத்தனை அன்றைக்கு அப்படி முறிந்தது. சாயங்காலத்துக்குள் தலைவலி விட்டது, கால் சரியானது. அந்த நர்ஸம்மா சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்காத ஒன்றை நானும் சொல்லவில்லை. ரத்தம் போவதைச் சொல்லவில்லை. ஒரு படி மேலே போய், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தண்ணீர் குடிக்காததால் சூடு, சூட்டினால் சிக்கல், சிக்கலால் மூலம், மூலத்தால் ரத்தம். நாலு நாளாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் நிற்கவில்லை. நிற்கும், நாள் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பாஸ் எனக்குக் கிடைத்தது. அன்றைக்குப் பாத்ரூமில் குழாய் தண்ணீர் சரியாக வரவில்லை. ஒரு மக் தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். கதவுக்கு வெளியே கிருபா நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். ரத்தம் முழுசாகப் போகாமல் கிடந்தது.

“சுகந்திக்கா, இது எத்தினி நாளா?”

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. “உனுக்கு இன்னா? எங்களுக்குலாம் ஒரு பாஸு, ராணிக்கு மட்டும் இஷ்டம். வேலயில்லாம பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கினு யாரு போறா யாரு வர்றான்னு பாத்துக்கினு கீறியா?” என்று கத்தினேன்.

கிருபா வெளிக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். சுடிதாரின் மேல்சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். வயிற்றின் இடது பக்கத்தில் ஒரு பை ஒட்டியிருந்தது. எனக்கு முதலில் அது என்னவென்றே புரியவில்லை.

“மலம் இதுலதான் வரும்க்கா. கீழ எல்லாத்தியும் எடுத்துட்டாங்க. குடல்ல கேன்சரு, ஆசன வாயாண்டயே இருந்தது. இனிமே ஆயுசுக்கும் இந்தப் பைதான். ரொம்பினா போய் காலி பண்ணணும், கழுவணும். அதுக்குத்தான் கால் மணி நேரம். சூப்பர்வைசருக்குத் தெரியும், பாஸ்டரம்மாவுக்குத் தெரியும். வேற யாருக்கும் சொல்லல. கூச்சமா கீது.”

மேல்சட்டையைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“நானும் ஒன்ற வருசம் சூடு சூடுன்னு சொல்லிக்கினு கெடந்தேன்க்கா. உன்ன மாதிரியேதான். தண்ணி குடிக்காததுனால மூலம்னு நெனச்சேன். நாள வேணாம், டாக்டராண்ட இன்னிக்கே போ. நீ போவலன்னா நானே அண்ணனுக்குப் போன் பண்ணி சொல்லிடுவேன்.”

பைக்காக நாற்காலி. பைக்காக லூசு சுடிதார். அவள் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்ததும், அவள் உடம்புக்கு அது வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான். வாசல் ஓரம் உட்கார்ந்தது, ஆராதனை நடுவில் அவசரமென்றால் எழுந்து போவதற்கு. இதற்கெல்லாமா நான் ஒன்றரை வருஷம் வயிறெரிந்தேன்? வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. மறு நிமிஷமே சீட்டு ஞாபகம் வந்தது. கிருபாவுக்குக் கொடுத்ததை அப்படியே எனக்கும் கொடும். அப்படியே!

பாதி ஷிப்டில் பர்மிஷன் கேட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, நேராகச் சபைக்குப் போனேன். பாஸ்டரம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். “அம்மா, போன வாரம் பொட்டியில ஒரு சீட்டு போட்டேன். அத்த திருப்பிக் குடுங்க. அதுக்கு ஜெபிக்க வேணாம்” என்று அழுதேன்.

“எந்தச் சீட்டு?”

சொன்னேன். தலை குனிந்தபடி, ஒரு வார்த்தை விடாமல், ரத்தம் போவதையும் கிருபா பையைக் காட்டியதையும் சேர்த்துச் சொன்னேன்.

பாஸ்டரம்மா சலிப்பதை நிறுத்தினார்கள். “அது உன்னுதாம்மா? வெள்ளிக்கெழம அந்தச் சீட்ட எடுத்து படிச்சதே கிருபாதான். நாங்கல்லாம் உபவாசம், சத்தமா படிக்க அவதான் தெம்பா கீறான்னு அவகைல குடுத்தோம். படிச்சா. அப்டியே நின்னுட்டா. யாரு எழுதனதுன்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டா. ஆனா சீட்ட மடிச்சி அவளே எடுத்துக்கினு போனா.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என் கையெழுத்துதான் லைனிலிருந்து அவள் மேஜைக்குப் போகும் ஒவ்வொரு அட்டையிலும் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் லேபிள் ஒட்டுகிறாள். தன் மேல் பொறாமைப்படுகிறவள் யார் என்று தெரிந்துகொண்டு, அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து என்னையே கவனித்திருக்கிறாள். நான் இளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள், முகம் வெளுத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். நான் மயங்கி விழுந்ததும் சந்தேகப்பட்டு, என் பின்னாலேயே பாத்ரூம்வரை வந்திருக்கிறாள்.

“அம்மா, நான் கேட்டதாலதான் அந்த வியாதி எனுக்கு வந்துச்சா?” என்று கேட்டேன்.

“கிறிஸ்துமஸ்ல இருந்து ரத்தம் போவுதுன்னு நீயே சொல்றே. சீட்டு போட்டது போன வாரம். ஆண்டவர் அப்டி வியாதிய அள்ளிக் குடுக்கிறவரு இல்லம்மா. கெளம்பு மொதல்ல, நானும் வர்றேன்” என்று மாவுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். பாஸ்டரம்மா பக்கத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை, காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தண்ணீர் குறைவதால் தலை சுற்றும், சிக்கல்கூட வரும். ஆனால் மாதக்கணக்கில் ரத்தம் போவதற்குத் தண்ணீர்க் குறைவைக் காரணம் சொல்லிவிட்டு இருந்துவிட முடியாது. மூலத்திலும் ரத்தம் வரும்தான். ஆனால் பார்க்காமல் அது மூலம் என்று முடிவு செய்ய டாக்டருக்கே உரிமை இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஏது? போகும் பழக்கம் மாறி வாரக்கணக்கில் சரியாகாமல் இருப்பது, முழுசாகப் போகாத உணர்வு, காரணமில்லாமல் இளைப்பது, சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் காட்ட வேண்டும். எனக்கு எல்லாமே இருந்தது. இரண்டு தொந்தரவு ஒன்றாக இருந்திருக்கிறது. ஒன்று குணமானதும் இன்னொன்றை நான் மறந்துவிட்டேன்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. அதற்கு முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்ய மருந்து கலந்த தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். வாழ்நாளில் நான் குடிக்காமல் விட்ட தண்ணீரையெல்லாம் ஒரே நாளில் குடித்த மாதிரி இருந்தது. மகள் மணிக்கொருமுறை தம்ளரை நீட்டி, “குடிம்மா, மயங்கி வுழுந்துடாத” என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கட்டி இருந்தது. சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கேன்சர் என்று முடிவு வந்தது. வீட்டுக்காரர் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. மகளின் பரீட்சை, கல்யாணம், எதையும் பார்க்கப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருந்த ஒன்பது நாளும் எனக்கு ஜெபமே வரவில்லை. எந்த வாயால் கேட்பது? கிருபா தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். எனக்கு வராத ஜெபத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் செய்தாள். நான் ஆமென் மட்டும் சொன்னேன்.

ஸ்கேனில் வேறு எங்கும் பரவவில்லை என்று தெரிந்தது. என் கட்டி குடலின் சற்று மேல் பகுதியில் இருந்தது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, மீதிக் குடலைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதித்து, குடல் சுவரைத் தாண்டவில்லை, சரியான நேரத்தில் வந்துவிட்டாய், மருந்து ஏற்ற வேண்டியதில்லை, ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தால் போதும் என்று சொன்னார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! இதை எழுதும்போதும் என் கண் நிறைகிறது.

ஆப்பரேஷன் முடிந்த ஐந்தாம் நாள் கிருபா வார்டுக்கு வந்தாள். இட்லி, பூப்போட்ட துண்டு எல்லாம் கொண்டுவந்தாள். என் போர்வையைச் சரிசெய்வதுபோல விலக்கிப் பார்த்தாள்.

“பை வெக்கலியாக்கா?”

“வெக்கல. சேத்து தெச்சிட்டாங்களாம்.”

“எப்பவும் மாதிரியே போலாமா?”

“ஆமாவாம்.”

அவள் தலையை ஆட்டினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரும்பாமலே சொன்னாள். “தப்பா நெனச்சிக்காதக்கா. எனுக்கு வயித்தெரிச்சலா கீது. நானும் அப்பவே போயிருந்தா எனுக்கும் இப்டி ஆயிருக்கும்ல? உனுக்காகத் தெனம் ஜெபிச்சேன். இப்ப ஆண்டவர் குடுத்துட்டாரு. எனுக்கு சந்தோசமா கீது, ஆனா எரியவும் எரியுது.”

என் வாழ்க்கையில் ஒரு ஆளாவது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! அது நடந்தபோது என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்து அவளைப் பிடித்துக்கொள்ளலாம் என்றால் தையல் விடவில்லை. கையை மட்டும் நீட்டினேன். அவள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். சீட்டைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். “அத்த உடுக்கா. அந்தச் சீட்டு இல்லன்னா நான் உன்னத் திரும்பியே பாத்திருக்க மாட்டேன். நீ எங்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசமாட்டியே” என்றாள். அழுதுகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து எங்களைத் திட்டினார்.

நான் கேட்டதற்கு ஆண்டவர் பதில் கொடுத்தாரா என்று கேட்டால், கொடுத்தார் என்றுதான் சொல்வேன். என்ன கேட்கிறோம் என்று தெரியாமல், கெட்ட மனதோடு கேட்டேன். அந்தச் சீட்டை அவர் தூக்கி எறியவில்லை. அதைக் கொண்டுபோய், என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆளின் கையில் கொடுத்தார். கிருபாவுக்கு ஜீவனைத் திரும்பக் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். அவளை எச்சரிக்க அன்றைக்கு ஒருவரும் இல்லை. எனக்கு அவளைக் கொடுத்தார்.

இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறேன். பாட்டில் தண்ணீரைக் குடித்து முடிக்கிறேன். நானும் கிருபாவும் சேர்ந்து கேட்டதில் எங்கள் லைனுக்கு இன்னும் இரண்டு பாஸ் கொடுத்திருக்கிறார்கள். பொறாமை என்னைவிட்டுப் போய்விட்டதா? முழுசாகப் போகவில்லை. போன மாதம் கிருபாவின் மகனுக்கு நல்ல வேலை கிடைத்தது, எனக்குச் சுருக்கென்றது. ஆனால் இப்போது அதை அவளிடமே சொல்லிவிடுகிறேன். அவளும் தனக்கு வருவதைச் சொல்லிவிடுகிறாள்.

இந்தச் சாட்சியில் அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் யோசித்தாள். “பேரு போட்டே எழுதுக்கா. பையப் பத்தியும் எழுது. கூச்சப்பட்டுக்கினு நான் வாய மூடிக்கினு இருந்ததால எத்தினி பேரு இன்னும் சூடுன்னு நெனச்சிக்கினு கீறாங்களோ” என்றாள்.

அருமையான சகோதர சகோதரிகளே, ஜெபியுங்கள். உங்களுக்குக் கேட்கத் தெரியாவிட்டாலும் அவருக்குக் கொடுக்கத் தெரியும், நானே அதற்குச் சாட்சி. தாகமாக இருந்தால் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குடித்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால், போகும் பழக்கம் மாறியே இருந்தால், சூடு என்று சொல்லி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். நாம் சொல்லாவிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும், டாக்டருக்கு நாம் வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும். தனியாகப் போக வெட்கமாக இருந்தால் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து நில்லுங்கள், ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டாம். நான் கூட வருகிறேன். கிருபாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.